கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை: சென்னை மாகாணத்தை 22 கலெக்டர்கள் நடத்தியது எப்படி?

குற்றாலச்சாரல்:
எங்கள் தென்காசி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் சிவகிரிப் பக்கத்து ஆள் ஒருவர் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்க வேண்டுமானால் விடியற்காலையில் கிளம்பித் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். அன்றையக் கூலி போச்சு. இப்போது அந்த அலைச்சல் பாதியாகிவிட்டது.

ஆனால் வீட்டில் இந்தப் பேச்சு வந்தாலே பெரியப்பா ஒரே கேள்வியில் மடக்கிவிடுகிறார். "ஒரிசா எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை, மேற்கே மங்களூர் வரை, இருபத்திச் சொச்சம் கலெக்டர்களை வைத்து வெள்ளைக்காரன் ஆண்டான். இப்போது இருப்பது தமிழ்நாடு மட்டும். இதற்கு 38 கலெக்டரா?" அவருக்கு என்ன பதில் சொல்வது? பாடப்புத்தகத்தில் கவர்னர்கள் பெயரும் போர்களும்தான் கிடைக்கின்றன. அவ்வளவு பெரிய பரப்பை அன்றாடம் எப்படி நடத்தினார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடப்பிரியன்:
முதலில் அந்த மாகாணத்தின் உருவத்தைப் பாருங்கள். ஒரு வரைபடத்தை எதிரில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

வடக்கே சிலிகா ஏரிக்கரை. அங்கே தொடங்குவது கஞ்சம் மாவட்டம். அதிலிருந்து வங்கக் கடலோரமாகவே விசாகப்பட்டினம், கோதாவரி, கிருஷ்ணா, நெல்லூர், செங்கல்பட்டு என்று இறங்கித் தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி வரை. உள்நாட்டில் கடப்பை, கர்நூல், பல்லாரி, அனந்தப்பூர். கோயம்புத்தூருக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையைத் தாண்டினால் மலபார், அதற்கு வடக்கே தென் கன்னடம். நடுவில் மைசூர் சமஸ்தானம், அது சென்னைக்குக் கட்டுப்பட்டதல்ல. அதாவது மாகாணம் மைசூரை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக் கிடந்தது. சென்னையிலிருந்து மங்களூருக்கு நேர்கோடு போட்டால் கோட்டின் பெரும்பகுதி வேறொருவர் ஆட்சிப் பகுதியில் போகும்!

இப்படி ஒரு உருவத்தை யாரும் திட்டமிட்டு வரையவில்லை. வட சர்க்கார், அதாவது வடக்குக் கடலோரப் பகுதி, 1760களில் நிஜாமிடமிருந்து கிடைத்தது. மலபாரும் பாராமகாலும் (இன்றைய சேலம், தர்மபுரிப் பக்கம்) திண்டுக்கல்லும் 1792இல் திப்புவிடமிருந்து. 1799இல் கன்னடக் கரையும் கோயம்புத்தூரும். 1800இல் நிஜாம் தன் படைச்செலவுக்கு ஈடாக விட்டுக்கொடுத்த ராயலசீமைப் பகுதிகள். 1801இல் ஆற்காடு நவாபின் நாடு முழுவதும். கிடைத்தது கிடைத்தபடி சென்னையோடு ஒட்டவைத்தார்கள். மொழி, நதி, மலை எதுவும் கணக்கில் இல்லை.

1901இல் பரப்பு சுமார் 1,42,000 சதுர மைல். மக்கள் 3 கோடி 82 லட்சம். மாவட்டங்கள், சென்னை நகரத்தையும் சேர்த்து, 22.

நாஞ்சில்காரி:
ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். கன்னியாகுமரி சென்னை மாகாணத்தில் இருந்ததே இல்லை. அது திருவிதாங்கூர். மாகாணம் தெற்கே திருநெல்வேலி மாவட்டத்தோடு முடிந்தது. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1இல்தான் இந்தப் பக்கம் வந்தன, அதுவும் பெரிய போராட்டத்துக்குப் பிறகு. செங்கோட்டையும் அன்றுதான் வந்தது. குற்றாலச்சாரலுக்கு அது பக்கத்து ஊர்.

எங்கள் பாட்டி காலத்து ஆட்கள் கடைசிவரை கிராம அலுவலகத்தைப் "பகுதிக் கச்சேரி" என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் வள்ளியூரில் ஊர்க் கணக்கு எழுதக் கர்ணம், வரி வசூலிக்க மணியம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நில நிர்வாக முறையே வேறு.

பழையபசலி:
வருவாய்த்துறையில் கீழ்நிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். கேள்வி என் தொழிலைப் பற்றியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வங்காளம், பம்பாய், பஞ்சாப், ஐக்கிய மாகாணம் எல்லாவற்றிலும் கலெக்டருக்கும் மாகாண அரசுக்கும் நடுவில் கோட்ட ஆணையர் என்று ஒருவர் இருப்பார். நாலைந்து மாவட்டங்களுக்கு ஒருவர். சென்னையில் அந்தப் படி இல்லை. கலெக்டருக்கு மேலே நேராகச் சென்னையில் ரெவின்யூ போர்டு. 1786இல் அமைத்தது. பிற்காலத்தில் சேப்பாக்கம் அரண்மனையில் இருந்தது. போர்டின் உறுப்பினர்கள் நிலவரி, செட்டில்மென்ட் (வரி நிர்ணயம்), உப்பு, ஆப்காரி (மதுவரி) என்று துறைகளைப் பங்கு போட்டுக்கொண்டு அத்தனை மாவட்டங்களையும் கவனித்தார்கள். கஞ்சம் கலெக்டர் சத்ரபூரில் உட்கார்ந்துகொண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த சேப்பாக்கத்துக்குத்தான் கடிதம் எழுத வேண்டும்.

இது எப்படி ஓடியது என்றால், கலெக்டருக்குக் கீழே இருந்த ஏணியால். கலெக்டர், அவருக்குக் கீழே கோட்டத்துக்குச் சப் கலெக்டர் அல்லது டெபுடி கலெக்டர், தாலுகாவுக்குத் தாசில்தார், சில ஊர்கள் சேர்ந்த பிர்காவுக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஊருக்குக் கர்ணமும் மணியக்காரரும், அவர்களுக்குத் துணையாகத் தலையாரி, வெட்டியான், நீர்க்கட்டி. எங்கே அரிசி விளைந்தது, எங்கே தரிசு, எந்த வாய்க்கால் தூர்ந்துபோனது என்பது கர்ணத்தின் கணக்கில் இருந்தது. கவர்னர் மாறுவார், கலெக்டர் மாறுவார், கர்ணம் மாறமாட்டார். அவருக்குப் பின் அவர் மகன்.

இந்த முறையை உருவாக்கியதில் தாமஸ் மன்றோ என்ற வெள்ளைக்கார அதிகாரிக்குப் பெரிய பங்கு. பாராமகாலில் ரீட் என்ற அதிகாரிக்குக் கீழே வேலை கற்று, பிறகு ராயலசீமையில் 1800 முதல் 1807 வரை கலெக்டராக ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் கணக்குப் பார்த்தவர். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் ஒவ்வொரு ரயத்தோடும் (உழவரோடும்) சர்க்கார் நேராகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அப்படி நேராகக் கணக்கு வைத்தால் ஊருக்குள் ஒரு கணக்கர் இல்லாமல் முடியாது. இன்னொன்றும் நடந்தது. 1816இல் போலீசும் மாஜிஸ்திரேட் அதிகாரமும் நீதிபதியிடமிருந்து கலெக்டருக்கு மாறின. வரி வசூலிப்பவரே குற்றத்தையும் விசாரிப்பவர். இவ்வளவு பெரிய நாட்டைச் சில பேரை வைத்து ஆள முடிந்ததற்கு அதுவும் காரணம், அதில் நடந்த கொடுமைகளுக்கும் அதுவே காரணம்.

குற்றாலச்சாரல்:
ஐயா, ரொம்ப நன்றி. சேப்பாக்கத்தில் இருப்பவருக்குக் கஞ்சத்துக் கர்ணம் சரியாகக் கணக்கு எழுதுகிறாரா என்று எப்படித் தெரியும்?

பழையபசலி:
அதற்குத்தான் தம்பி ஜமாபந்தி.

வருவாய்த்துறைக்கு ஆண்டு என்பது பசலி. ஜூலை 1இல் தொடங்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. பசலி முடியும் தறுவாயில் ஒவ்வொரு தாலுகாவிலும் எல்லாக் கிராமக் கணக்குகளையும் மேசைமேல் கொண்டுவந்து வைக்க வேண்டும். அடங்கல் இரண்டாம் நம்பர் கணக்கு. எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று அதில் இருக்கும். யார் பெயரில் எவ்வளவு நிலம் என்பது சிட்டாவில், அது 10(1) கணக்கு. ஒன்றிலிருந்து எடுத்த தொகை இன்னொன்றில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக் கேட்பார்கள். கிராமத்து ஜனங்களும் வந்து மனுக் கொடுக்கலாம். கலெக்டர் நேரில் உட்கார்வார், அல்லது கோட்ட அதிகாரி.

கஞ்சத்திலும் இதே கணக்குகள், அதே படிவம், அதே வரிசை எண். மொழி மட்டும் ஒரியா அல்லது தெலுங்கு. ஊர்க் கணக்கு தாலுகாவில் கூட்டப்பட்டு, தாலுகாக் கணக்கு ஹுசூர் கச்சேரியில் (கலெக்டர் அலுவலகத்தில்) கூட்டப்பட்டு, போர்டுக்கு ஒரே அறிக்கையாகப் போகும். மேலே இருப்பவர் எதைக் கேட்டாலும் கீழே ஒரு கணக்கு எண்ணைச் சுட்டிக் கேட்கலாம். நான் வேலையில் இருந்தபோதும் இதையேதான் செய்தோம். ஜமாபந்தி நாளில் கணக்குகளைப் பச்சை மை வைத்துத் தணிக்கை செய்யும்போது, இந்த வேலை மன்றோ காலத்திலிருந்து அறுபடாமல் வருகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

பாலக்காட்டுக்காரன்:
பழையபசலி சார் சொல்லும் ஏணி கிழக்குப் பக்கத்துக்குப் பொருந்தும். மலபாரில் அதன் கடைசிப் படியை வைப்பதற்கே இடம் இல்லை.

காரணம் நிலம். தஞ்சாவூரிலோ மதுரையிலோ ஊர் என்றால் வீடுகள் சேர்ந்திருக்கும், சுற்றிலும் வயல். எங்கே ஊர் தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். மலபாரில் ஒவ்வொரு வீடும் தனித்தனித் தோட்டத்துக்குள். வருடத்தில் பாதி மழை. எந்த வீடு எந்த ஊர்? அதனால் தேசம் எனப்படும் சிற்றூர்ப் பகுதிகளைச் சேர்த்து "அம்சம்" என்று ஒரு பிரிவைச் சர்க்காரே உண்டாக்கியது. அம்சத்துக்கு ஒரு அதிகாரி, கணக்கு எழுத மேனோன், ஓடியாட கோல்காரன். நிலத்தின் மேல் பிடி நிலவுடைமையாளர்களான ஜன்மிகளிடம், அவர்களுக்குக் கீழே நிலத்தைக் குத்தகையாகப் பிடித்த காணக்காரர், அவருக்கும் கீழே உழுபவர். சர்க்கார் ரயத்வாரி, அதாவது ரயத்தோடு நேர்க் கணக்கு, என்று எழுதிக்கொண்டது. உண்மையில் யார் ரயத்து என்பதே நூறு வருடம் ஓயாத வழக்கு. மலபார் முஸ்லிம்களான மாப்பிளைகளின் எழுச்சிகளுக்கு அடியில் இந்த நிலப்பிரச்சினையும் இருந்தது.

1901இல் மலபாரில் 28 லட்சம் பேர், ஒரே கலெக்டர். அவர் இருப்பது கோழிக்கோடு. அவருக்குக் கடலுக்குள்ளும் அதிகாரம், லட்சத்தீவுகளின் ஒரு பகுதி மலபாரோடும் அமீன்திவித் தீவுகள் தென் கன்னடத்தோடும் சேர்ந்திருந்தன. மழைக்காலத்தில் தோணி போகாது. அதிகாரி தீவுக்குப் போய் வழக்கு விசாரிப்பது எப்போதாவதுதான். 1956இல் தீவுகள் யூனியன் பிரதேசமான பிறகுகூட 1964 வரை அதன் தலைமையகம் கோழிக்கோட்டில்தான் இருந்தது.

மலபார் கேரளத்தில் சேர்ந்ததும் முதல் வேலையாக, 1957 ஜனவரியில், கண்ணூர், கோழிக்கோடு, பாலக்காடு என்று மூன்றாக உடைத்தார்கள். அப்போதே உடைக்க வேண்டியதாக இருந்தது என்பதுதான் பெரியப்பாவுக்கு என் பதில்.

விசாகைவாசி:
வேலை நிமித்தமாக விசாகப்பட்டினத்தில் குடியிருக்கிறேன். இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்லாவிட்டால் இந்த இழை முழுமையாகாது.

அன்றைய விசாகப்பட்டினம் மாவட்டம் 17,000 சதுர மைலுக்கும் அதிகம். இன்றைய தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கு, ஒரே மாவட்டம். மாகாணத்திலேயே பெரியது. கடலோரத்தில் ஒரு பட்டை சமவெளி, அதற்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலை, மலைக்குப் பின்னால் ஜெய்ப்பூர் ஜமீன் (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் அல்ல, இன்றைய ஒரிசாவில் இருப்பது). பெரும்பகுதி ஜமீனும் மலையும்தான். அங்கே பழையபசலி சார் சொன்ன ஜமாபந்தி இல்லை.

1830களின் நடுவில் கஞ்சம் மலையில் கும்சூர்ப் போர் நடந்தது. அதன் பிறகு 1839இல் 24ஆம் சட்டம் வந்தது. கஞ்சம், விசாகப்பட்டினம் மலைப்பகுதிகளைச் சாதாரணச் சட்டத்திலிருந்தும் நீதிமன்றங்களிலிருந்தும் விலக்கி, கலெக்டரையே "கவர்னரின் ஏஜென்ட்" ஆக்கினார்கள். அதனால்தான் இன்றும் இந்தப் பக்கத்து மலைகளுக்கு ஏஜென்சி என்று பெயர். சமவெளிக்கு இறங்கினால் கலெக்டர், மலைக்கு ஏறினால் அதே மனிதர் ஏஜென்ட்.

இந்த ஏற்பாடு நன்றாக நடந்ததா? மலேரியாவுக்குப் பயந்து அதிகாரிகள் மலைமேல் தங்கவே மாட்டார்கள். கீழே இருந்து உத்தரவு மட்டும் போகும். 1879இல் கள்ளின் மேல் ஆப்காரி விதிகளைக் கொண்டுவந்தபோது கோதாவரிப் பக்கத்து மலையான ரம்பாவில் கலகம் வெடித்தது. அந்த மக்களுக்குப் பனங்கள் அன்றாட உணவின் ஒரு பகுதி என்பதைக் கீழே இருந்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. மறுபடியும் 1922இல் அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் ஒரு கலகம். போடு விவசாயத்தை, அதாவது காட்டை எரித்து இடம் மாற்றி மாற்றிப் பயிரிடுவதை, தடுத்த வனச்சட்டமும், மலைப்பாதை போடக் கட்டாய வேலை வாங்கியதும் காரணம். சிந்தப்பள்ளி போலீஸ் நிலையத்தைத் தாக்கி ஆயுதங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் மலையில் யார் ஆட்சி என்றே சொல்ல முடியவில்லை.

1936 ஏப்ரல் 1இல் ஒரிசா தனி மாகாணமானபோது கஞ்சத்தின் பெரும்பகுதியும் ஜெய்ப்பூரும் பிரிந்து போயின. மீதி ஏஜென்சி பிறகு அரசியல் சட்டத்தில் பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாம் அட்டவணைக்குள் வந்தது. 2022இல் ஆந்திரா 13 மாவட்டங்களை 26 ஆக்கியபோது பாடேருவைத் தலைமையகமாக வைத்து அல்லூரி சீதாராம ராஜு பெயரிலேயே ஒரு மாவட்டம் அமைந்தது.  ஆந்திரப் பக்கத்து மலையிலேயே ஒரு கலெக்டர் உட்கார, 1839இலிருந்து 180 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சித்தூர்ச்சீமை:
அருமையான பதிவு. எங்கள் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சித்தூர் 1911இல் உண்டான மாவட்டம். வட ஆற்காட்டிலிருந்து கொஞ்சம், கடப்பையிலிருந்து கொஞ்சம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, அடுத்த தெருவில் கன்னடம். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரா பிரிந்தபோது முழு மாவட்டமும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் 1இல் திரும்பியது. பல்லாரியில் தெலுங்கர் மிகுந்த மூன்று தாலுகாக்கள் ஆந்திராவுக்கு, மீதி மைசூருக்கு.

மாகாணம் பெரிதாக இருந்ததில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது, மறுக்கவில்லை. எந்த மொழிக்காரன் எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் போகலாம். எங்கள் உறவில் பல்லாரியிலும் தஞ்சாவூரிலும் தாசில்தாராக இருந்தவர்கள் உண்டு.

தெளிந்தநீர்:
எல்லாரும் பழைய முறையின் குறைகளையே சொல்கிறீர்கள். நான் மறுக்கிறேன். தௌலேஸ்வரம் அணை 1852இல் முடிந்தது, பெஜவாடா (இன்றைய விஜயவாடா) அணை 1855இல். கோதாவரியும் கிருஷ்ணாவும் காய்ந்துகொண்டிருந்த நிலத்தை நெற்களஞ்சியமாக்கின. காவேரியில் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் கற்றதை வடக்கே கொண்டுபோய்ப் பயன்படுத்த முடிந்தது ஒரே மாகாணமாக இருந்ததால்தான். இப்போது காவேரிக்கு ஒரு நடுவர் மன்றம், கிருஷ்ணாவுக்கு இரண்டு, பெரியாறுக்கு உச்ச நீதிமன்றம். சின்னச் சின்னதாகப் பிரிக்கப் பிரிக்கத் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற சண்டைதான் மிஞ்சும். மாவட்டத்துக்கும் இதையே சொல்வேன். ஒவ்வொரு புது மாவட்டத்துக்கும் கலெக்டர் அலுவலகம், எஸ்.பி. அலுவலகம், கட்டடம், வண்டி. அந்தப் பணத்தில் எத்தனை ஏரிகளைத் தூர்வாரலாம்?

வரைபடப்பிரியன்:
தெளிந்தநீர், நீங்கள் சொல்லும் அணைகள் உண்மை. ஆனால் காவேரித் தகராறு மாகாணம் பிரிந்ததால் வந்ததல்ல. 1892, 1924 ஒப்பந்தங்கள் இரண்டும் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் நடுவில் போட்டவை. பெரியாறும் அப்படித்தான், 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. ஆற்றின் தலையும் காலும் வேறு வேறு ஆட்சியில் கிடந்தது அன்றைக்கும் உண்மை.

இனி பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

1901: 3 கோடி 82 லட்சம் பேர், 22 மாவட்டம். ஒரு மாவட்டத்துக்குச் சராசரி 17 லட்சம்.
1961: 3 கோடி 37 லட்சம் பேர், 13 மாவட்டம். சராசரி 26 லட்சம்.
2011 மக்கள்தொகையை இன்றைய 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால்: 7 கோடி 21 லட்சம், சராசரி 19 லட்சம்.

கண்ணை மூடிக்கொண்டு பிரித்துத் தள்ளிவிட்டோம் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒரு கலெக்டரின் தலையில் இருக்கும் ஜனங்கள் வெள்ளைக்காரன் காலத்தைவிட இன்றைக்கும் அதிகம்தான். நடுவில்தான் சுமை மிக அதிகமாக இருந்தது. 1965இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது தொடங்கி நடந்த பிரிவினைகளெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சுமையைப் பழைய அளவை ஒட்டி இறக்கியிருக்கின்றன.

மாறியிருப்பது தூரம். 1901இல் சராசரி மாவட்டம் சுமார் 16,700 சதுர கிலோமீட்டர். இன்று 3,400 சொச்சம். ஐந்தில் ஒன்று. சிவகிரிக்காரரின் பஸ் பயணம் பாதியானது அதனால்தான்.

சராசரி எல்லாவற்றையும் சொல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசாகப்பட்டினத்துக்கு 29 லட்சம் பேரோடு ஒரு கலெக்டர், நீலகிரிக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் பேரோடு ஒரு கலெக்டர். 1906இல் திருவிதாங்கூர்க் கரையில் இருந்த அஞ்சுதெங்கும் தங்கசேரியும் மலபாரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகவே ஆயின. நடந்தே சுற்றிவிடக்கூடிய இரண்டு கடற்கரை ஊர்கள்!

பழையபசலி:
வரைபடப்பிரியன் கணக்கைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. அதன்மேல் ஒரு விஷயம் வைக்கிறேன்.

அன்றைய கலெக்டர் என்ன செய்தார்? கிஸ்தி (நிலவரி) வசூல், அமைதி காப்பது, பாசனக் குளம் குட்டை, கொஞ்சம் சாலை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியெல்லாம் 1871க்குப் பிறகு லோக்கல் பண்டு, 1884க்குப் பிறகு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று மெல்ல வந்தவை. இன்றைய கலெக்டருக்கு ரேஷன், பட்டா, முதியோர் ஓய்வூதியம், ஊரக வேலைத் திட்டம், தேர்தல், பேரிடர், சத்துணவு, சாதிச் சான்றிதழ், எந்தத் துறை எடுத்தாலும் ஒரு மாவட்டக் குழு, அதற்குத் தலைவர் அவர். அன்றைக்கு ஜனங்கள் கலெக்டரைப் பார்த்து ஒளிந்தார்கள். இன்றைக்குத் தேடிப் போகிறார்கள். தேடிப் போகிறவர்களுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டாமா?

குறைந்த ஆட்களை வைத்து ஆண்டதன் விலை 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தெரிந்தது. பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர்ப் பக்கம் லட்சக்கணக்கில் செத்தார்கள். எந்தத் தாலுகாவில் எவ்வளவு விளையவில்லை என்று கணக்கு இருந்தது, துல்லியமாக. மேலே போயும் சேர்ந்தது. ஆனால் நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கல்கத்தாவிலிருந்து வந்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி முடிவு செய்தார். வேலை செய்யும் உடம்புக்கு அது எப்படிப் போதும்? கணக்கு சரியாக இருந்தால் ஆட்சி சரியாக இருந்தது என்று அர்த்தமில்லை. அந்தக் கணக்கு எழுதிய ஏணியின் கடைசிப் படியில் வேலை செய்தவன் சொல்கிறேன்.

நாஞ்சில்காரி:
ஐயா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு கேள்வி. மாகாணம் பல மாநிலங்களாகச் சிதறிய பிறகு அந்த ஏணி எங்கே எப்படி இருக்கிறது?

பழையபசலி:
தமிழ்நாட்டில் 1980 பெரிய ஆண்டு, அம்மா. ஒரே வருடத்தில் மேல்படியும் போனது, கீழ்ப்படியும் போனது. ரெவின்யூ போர்டைக் கலைத்துத் தனித்தனி ஆணையர்களாக்கினார்கள், இப்போது எழிலகத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளையும் ஒழித்தது. பிறகு தேர்வு எழுதி வந்த வி.ஏ.ஓ. பரம்பரைப் பதவி போனது நியாயம். ஊரில் எந்தச் சாதியாரிடம் அந்தப் பதவிகள் இருந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். நடுப்படிகள் அப்படியே இருக்கின்றன. கோட்ட ஆணையர் இன்றுவரை நமக்குக் கிடையாது.

ஆந்திராவில் என்.டி.ஆர். 1984இல் கர்ணங்களை எடுத்தார், 1985இல் தாலுகாவையே எடுத்து மண்டலம் வைத்தார். பரப்பு சிறியது, ஜனங்களுக்கு வசதி. கர்நாடகத்தோடு சேர்ந்த தென் கன்னடத்துக்கு மேலே இப்போது மைசூரில் பிராந்திய ஆணையர் உண்டு. சென்னையின் கீழ் இருந்தபோது இல்லாத படி, மைசூர் வழக்கத்தில் வந்து சேர்ந்தது. கேரளத்தில் அம்சம் வில்லேஜ் ஆகிவிட்டது.

காரைக்கால்கடலோரம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாரும் பிரிட்டிஷ் மாகாணத்தையே பேசுகிறீர்கள். அதன் கரையோரமாகப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நான்கு துண்டுகள் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது, 1963இல் யூனியன் பிரதேசச் சட்டம். மாகாணம் மொழிவழியாகப் பிரிந்தபோது இவை மட்டும் பிரியவில்லை. மாஹே கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில் ஒன்பது சதுர கிலோமீட்டர், பேச்சு மலையாளம். ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில், பேச்சு தெலுங்கு. இரண்டுக்கும் சட்டமன்றத்தில் ஆளுக்கு ஓர் இடம்.

நீங்கள் கஞ்சத்தைப் பற்றிக் கேட்ட கேள்வியை இவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். காரைக்காலுக்காவது கலெக்டர் இருக்கிறார். மாஹேக்கும் ஏனாமுக்கும் மண்டல நிர்வாகிதான். பெரிய முடிவு என்றால் கோப்பு புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு வர வேண்டும், ஏனாமிலிருந்து ஆந்திராவைத் தாண்டி, மாஹேயிலிருந்து கேரளத்தையும் தமிழ்நாட்டையும் தாண்டி. அங்கிருந்து வேலை மாற்றலில் காரைக்கால் வருபவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மாநிலத்தோடு சேர விருப்பமா என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள். சின்ன ஊராக இருப்பதால் நிர்வாகியை நேரில் பார்க்க முடிகிறது, சலுகைகள் கைக்கு வருகின்றன, அதை விட மனமில்லை. தலைநகரம் தூரத்தில் இருந்தாலும் கதவைத் தட்ட ஓர் அதிகாரி உள்ளூரில் இருந்தால் போதும் என்கிறார்கள்.

குற்றாலச்சாரல்:
காரைக்கால் அண்ணே, இது நான் எதிர்பார்க்காத கோணம். அப்படியானால் மாவட்டம் எவ்வளவு பெரியது என்பதைவிட, தாலுகாவிலும் கோட்டத்திலும் இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் எவ்வளவு என்பதுதான் முக்கியமா? பழையபசலி ஐயா, இன்றைக்கு ஒரு வட்டாட்சியர் தாமே முடிக்கக்கூடிய வேலைகள் என்னென்ன, கலெக்டர் வரை போக வேண்டியவை என்னென்ன?

பழையபசலி:
வருமானம், சாதி (பழங்குடியினர் சான்று நீங்கலாக), இருப்பிடச் சான்று, உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் இவையெல்லாம் தாலுகாவுக்குள்ளேயே முடிய வேண்டியவை. பட்டா மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கு மேல் சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். கலெக்டர் வரை போக வேண்டியது மிகக் குறைவு. ஆனால் திங்கட்கிழமை மனுக்களில் பெரும்பகுதி தாலுகாவில் முடிந்திருக்க வேண்டியவைதான். கீழே முடியாததால் மேலே வருகின்றன. மேலே வந்ததும் "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதி அதே தாலுகாவுக்குத் திரும்புகின்றன. 38ஐ 50 ஆக்கினாலும் இது தீராது. தாலுகாக்களில் காலியாகக் கிடக்கும் சர்வேயர் இடங்களை நிரப்பினால் பாதி தீரும். சிவகிரி ஆளிடம் சொல்லுங்கள் தம்பி, உட்பிரிவு மனு என்றால் சர்வேயர் எப்போது வருவார் என்பதைத் தேதி போட்டு எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.